அடித்தல் திருத்தல் இல்லாத நோட்டு

ஐயா,

நான் எப்போதும் கறுப்பு மைப் பேனாவில்தான் எழுதுவேன். நீல மை பார்வைக்கு நன்றாக இருக்கும். நகல் எடுத்தால் மங்கிவிடும். பகலெல்லாம் நகல் எடுக்கும் கடையில் நிற்கிறவள் என்பதால் இது பழகிவிட்டது. இந்தக் காகிதங்களையும் யார் யாரோ நகல் எடுப்பார்கள் என்று நினைக்கிறேன். அதனால் இதையும் கறுப்பிலேயே எழுதுகிறேன்.

எங்கள் நஷ்டஈட்டு வழக்கின் வக்கீலாக நேற்று தொலைபேசியில் நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. ஐந்தாவது வாரத்துக்குப் பிறகு அக்காவைக் கைப்பயிற்சிக்கு ஏன் அழைத்துப் போகவில்லை, ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள் என்றீர்கள். காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் பயிற்சி நிலையத்தின் வருகைப் பதிவேட்டை வாங்கிவிட்டார் என்றும் சொன்னீர்கள். ஒரு பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். மூன்று முறை கிழித்துப் போட்டேன். தேதி வரிசையில் எழுதினால்தான் எனக்கு வரும். கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு அக்காவை ஒரு வலது கையாகத்தான் தெரியும். அது உங்கள் குற்றமில்லை. கோப்பின் மேலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. அவள் எனக்குப் பதினான்கு வயது மூத்தவள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு என்னை வளர்த்தவள். ஆஸ்பத்திரிகளுக்கும் விடுதிகளுக்கும் வெளுத்துக் கொடுக்கும் சலவை ஆலையில் பதினோரு வருடம் வேலை பார்த்தாள். ஈரப் போர்வையைச் சூடான உருளைக்குள் மடிப்பில்லாமல் ஊட்டுவது அவள் வேலை. அந்தச் சத்தத்தில் பேசிப் பேசி வீட்டிலும் கத்தித்தான் பேசுவாள். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளைத்து வாயில் வைத்து ஒரு சீட்டி அடிப்பாள், நான்காவது மாடி ஜன்னலிலிருந்து அடித்தால் பேருந்து நிறுத்தத்தில் இறங்கும் எனக்குக் கேட்கும். பால் வாங்கி வா என்றால் ஒரு சீட்டி. ரொட்டியும் வேண்டும் என்றால் இரண்டு. அந்த வயதில் எனக்கு அது வெட்கமாக இருந்தது.

என்னை அவள் ரப்பர் என்று கூப்பிடுவாள். பள்ளியில் ஒரு வரி எழுதினால் இரண்டு முறை அழிப்பேன். காகிதம் ஓட்டையாகும். "இவ எழுதினதவிட அழிச்சதுதான் ஜாஸ்தி," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். ஆசையாகத்தான் சொல்வாள். ஆனாலும் எதைச் செய்தாலும் தவறாகத்தான் செய்கிறேன் என்ற நினைப்பு எனக்கு அப்போதே வந்துவிட்டது. இன்னும் போகவில்லை.

விபத்தைப் பற்றி உங்களுக்கே தெரியும். உருளைக்கு முன்னால் இருக்க வேண்டிய தடுப்புக் கம்பியை வேலை மெதுவாகிறது என்று கழற்றி வைத்திருந்தார்கள். போர்வையோடு அவள் கையும் உள்ளே போயிற்று. இதில் அவள் தவறு எதுவும் இல்லை. இதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதத் தயார்.

கட்டுப் பிரித்த வாரம் உங்களிடம் வந்தோம். நாற்காலியில் கோப்புகள் இருந்ததால் அக்கா முக்காலியில் உட்கார்ந்தாள். நீங்கள் அன்று சொன்னதை வீட்டுக்கு வந்ததும் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

"தினமும் ஒரு நோட்டுல எழுதுங்க. அழுதாங்க, துடிச்சாங்கன்னு எழுதாதீங்கம்மா, அதை யாரும் படிக்க மாட்டாங்க. இன்னிக்கு எது செய்ய முடியல, எத்தனை மணிக்கு, அவ்வளவுதான். பொய் மட்டும் வேண்டாம். ஒரு வரி பொய்யின்னு தெரிஞ்சாலும் மொத்த நோட்டும் குப்பைக்குப் போயிடும்."

"சிரிச்சா எழுதணுமா சார்?" என்று அக்கா கேட்டாள்.

"எழுதுங்க. தேதி போட்டு எழுதுங்க."

படியிறங்கும்போது அக்கா சொன்னாள்: "பணம் வந்தா வரட்டும்டி. வராட்டி போகட்டும். எனக்குக் கை வரணும்." இதையும் எழுதி வைத்திருக்கிறேன். மறைக்கவில்லை.

அதே வாரம் பயிற்சி நிலையத்துக்கும் போனோம். அங்கிருந்த அம்மா அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாக உள்ளங்கைவரை மடக்கிக் காட்டினார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"ஒரு வேளைக்கு இருபது தடவை, ஒரு நாளைக்கு நாலு வேளை. வலிக்கும். வலிக்குதுன்னு நிறுத்தக் கூடாது. இந்த மூணு மாசம்தான் கணக்கு. விட்டுட்டீங்கன்னா உள்ள ஒட்டிக்கும், விரல் அப்படியே நின்னுடும். அப்புறம் நானும் ஒண்ணும் பண்ண முடியாது, யாரும் ஒண்ணும் பண்ண முடியாது."

பயிற்சி முறைகளை அச்சிட்ட தாள் ஒன்றும் கொடுத்தார். அக்கா அதை வாங்கிப் பார்க்காமலே என்னிடம் நீட்டினாள். "காகிதமெல்லாம் உன் இலாகா." எங்கள் வீட்டில் எப்போதும் அப்படித்தான். அவள் எழுத்துக்கூட்டிப் படிப்பாள். அதற்குள் பொறுமை போய்விடும்.

நோட்டை நானே தேர்ந்தெடுத்தேன். தொண்ணூற்றாறு பக்கம், தைத்த கட்டு, பக்க எண் போட்டது. மாலை வகுப்பில் அலுவலகப் பதிவேடுகளைப் பற்றி எங்களுக்கு முதலில் சொல்லித் தந்த விதி, பதிவில் அடித்தல் திருத்தல் கூடாது என்பது. ஓர் இடத்தில் அடித்திருந்தால் படிக்கிறவர் எல்லா இடத்தையும் சந்தேகப்படுவார் என்று ஆசிரியர் சொல்வார். நீங்கள் சொன்னதும் ஏறக்குறைய அதேதான். இரண்டையும் சேர்த்து அட்டையின் உட்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

இப்போது என் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். காலை எட்டரைக்குக் கடை, ஆறுக்கு வகுப்பு. வீடு வரும்போது கால் இரண்டும் என்னுடையவை அல்ல. அதனால் வகுப்பு வேலைகளை எல்லாம் ஞாயிற்றுக்கிழமை மதியமே வாரம் முழுவதற்கும் சேர்த்து எழுதி வைத்துவிடுவேன். தேதியைக்கூட முன்னதாகவே போட்டுவிடுவேன். இரண்டாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை, அக்காவின் நோட்டையும் அப்படியே எழுதினேன். ஏழு நாளைக்கும். ஏமாற்றும் எண்ணம் இல்லை. முதல் வாரம் என்ன நடந்ததோ அதுதான் இரண்டாவது வாரமும் நடக்கும் என்று எனக்குத் தோன்றியது. ஆஸ்பத்திரியிலும் கை மெதுவாகத்தான் தேறும் என்றார்கள்.

புதன்கிழமைக்கு நான் எழுதியிருந்தது இது: "காலை 7.10. மேல் பட்டனைப் போட முடியவில்லை. மூன்று முறை முயன்றாள்."

அந்தப் புதன்கிழமை காலை நான் தலை வாரிக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்து கத்தினாள்.

"ஏய் ரப்பரு, இங்க வாடி, ஓடி வா!"

போனேன். கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். மேல் பட்டன் போட்டிருந்தது. கோணலாக, ஆனால் போட்டிருந்தது.

"எப்படி? கோர்ட்டுக்கு எழுது இதை. மகாராணி தானே பட்டன் போட்டுக்கிட்டாங்கன்னு."

மணி ஏழு ஐந்து. நான் நோட்டை நினைத்துக்கொண்டேன். பதினோராம் பக்கம், மூன்றாவது பத்தி. அந்த வரியை அடித்தால் அது முதல் அடித்தல். நான் அடிப்பேன் என்று எல்லோருக்கும் தெரியும், ரப்பர்தானே. அடிக்காமல் விட்டால் அது பொய். இரண்டும் எனக்கு ஒத்துவரவில்லை.

"எங்க, இன்னொரு தரம் போடு பார்ப்போம்," என்றேன். பட்டனைக் கழற்றிவிட்டேன்.

மறுபடி போட்டாள். நேரம் கூடியது. மறுபடி கழற்றினேன். சிரித்துக்கொண்டே போட்டாள். ஆறாவது முறை சிரிக்கவில்லை. எட்டாவது முறை விரல்கள் நடுங்கின, பட்டன் வழுக்கியது. அதற்குப் பிறகு மூன்று முறை முயன்றாள். மூன்று முறையும் முடியவில்லை.

"போதும்டி. கை செத்துப் போச்சு."

கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு பத்து அல்ல, ஏழு இருபத்தைந்து. அந்தப் பதினைந்து நிமிடம் இன்றும் என்னை உறுத்துகிறது. மற்றபடி எழுதியிருந்தது உண்மையாகிவிட்டது. பட்டனை நானே போட்டுவிட்டேன். அவள் என் தலையில் நெற்றியை முட்டி, "பாவம், உனக்கு நேரமாச்சு," என்றாள்.

நான்காவது வாரக் கடைசியில் நோட்டைக் கொண்டுவந்து காட்டினேன். நீங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பதினைந்து நிமிடம் படித்தீர்கள். உங்களுக்கு நினைவிருக்குமா தெரியவில்லை, எனக்கு ஒவ்வொரு சொல்லும் நினைவிருக்கிறது.

"இருபத்தஞ்சு வருஷமா இதைத்தான்மா பார்க்கிறேன். எல்லாரும் நாலு நாள் எழுதுவாங்க. அஞ்சாம் நாள் 'வலி, மேலே சொன்னபடி'ன்னு எழுதிடுவாங்க. இப்படி ஒரு நோட்டு என் மேஜைக்கு வந்ததில்ல. ஒரு அடித்தல் இல்ல பாருங்க."

பக்கத்து அறையிலிருந்த எழுத்தரையும் கூப்பிட்டுக் காட்டினீர்கள். அவர் பக்கங்களைப் புரட்டிவிட்டு என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். நான் அன்று வீட்டுக்கு நடந்தே போனேன். பேருந்தில் ஏறத் தோன்றவில்லை.

அடுத்த நான்கு வாரம் எனக்குத் தேர்வு. ஞாயிற்றுக்கிழமைகளும் போய்விடும் என்று தெரிந்தது. அதனால் ஒரே மதியத்தில் இருபத்தெட்டு நாளைக்கும் எழுதினேன். வேறு வேறாகத்தான் எழுதினேன், ஒன்று போல் இன்னொன்று இல்லை. கரண்டி பிடிக்க முடியவில்லை. பூட்டைத் திறக்க முடியவில்லை. சீப்பு கீழே விழுந்தது. மிகையாக எதுவும் எழுதவில்லை. கை கொஞ்சம் தேறக்கூடும் என்றுகூட யோசித்தேன். ஆனால் எவ்வளவு தேறும் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாததை எழுதக் கூடாது. தெரிந்ததை எழுதினேன்.

ஐந்தாவது வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம், பேருந்தை விட்டு இறங்கினேன். சீட்டிச் சத்தம் கேட்டது. அரைச் சீட்டிதான், பாதியில் காற்றாகப் போய்விட்டது. நிமிர்ந்து பார்த்தேன். ஜன்னலில் அக்கா நின்றாள். வலது கை வாயில் இருந்தது. கீழே காய்கறி விற்கிறவர்கூடத் தலையைத் தூக்கி, "அடடே, கிளம்பிட்டாங்கடா," என்றார்.

அன்றைய தேதிக்கு நான் எழுதியிருந்தது: "சுட்டுவிரலை வளைக்க முடியவில்லை."

படியேறும்போது மாடிக்கு மாடி நின்றேன். பிடிவாதம் பிடித்த கை, ஐயா. ஒரு நாளைக்கு எண்பது தடவை மடக்கினால் அது வளைந்துகொண்டேதான் போகும். மீதி இருபத்து மூன்று நாளும் நோட்டில் எழுதியாகிவிட்டது. ஒவ்வொரு நாளும் பட்டன் மாதிரி எட்டு முறை, பத்து முறை செய்யவைக்க எனக்குத் தெம்பில்லை. அவளுக்கும் இருக்காது. அவளைத் தினமும் களைக்க வைப்பது கொடுமை என்று எனக்குப் பட்டது. அதைவிட நல்ல வழி இருந்தது.

திங்கட்கிழமை பயிற்சி நிலையத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன், அக்காவுக்குக் காய்ச்சல் என்று. அடுத்த முறை, வீட்டுக்குப் பக்கத்திலேயே வேறு இடம் கிடைத்துவிட்டது என்றேன். அந்த அம்மா, "எங்கேயோ செய்யுங்க, செய்யாம மட்டும் விட்டுடாதீங்க," என்றார். நன்றி சொன்னேன். பதிவேட்டில் என் எண் இருக்கும். அது சரியான எண்தான்.

வீட்டில் அக்காவிடம் தாளை எடுத்து வாசித்துக் காட்டினேன். இரண்டாம் கட்டம் ஓய்வு என்று வாசித்தேன். தாளில் அப்படி இல்லை. ஆனால் அதை நான் எழுதவில்லை, வாசித்தேன் அவ்வளவுதான். நோட்டில் எழுதியிருந்தால் அது வேறு.

"அந்தம்மா வலிச்சாலும் மடக்குன்னாங்கல்ல?" என்றாள்.

"அது முதல் மாசத்துக்குக்கா. இப்ப அசைக்காம இருக்கணும். அசைச்சா உள்ள கிழிஞ்சிடும்."

"அப்படியா போட்டிருக்கு?"

"படிச்சேனே."

"நீ சொன்னா சரி. படிச்ச பொண்ணு." கையை என் மடியில் வைத்தாள். விரல்கள் அசையாதபடி ஒரு மரக்கட்டையை வைத்து, துணியைச் சுற்றி, இறுக்கமாகக் கட்டினேன். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை அவிழ்த்து மறுபடி கட்டுவேன். ஒரு நாள்கூட விட்டதில்லை. எத்தனை களைப்பாக வந்தாலும் அதைச் செய்துவிட்டுத்தான் சாப்பிட்டேன். இவ்வளவு ஒழுங்காக வேறு யாருக்காவது யாராவது செய்திருப்பார்களா என்று சில நாள் யோசித்ததுண்டு.

ஏழாவது வாரம் அவள் எனக்குத் தெரியாமல் துணியை அவிழ்த்து விரல்களை மடக்கிப் பார்த்திருக்கிறாள். "என்னமோ துருப்பிடிச்ச கதவு மாதிரி இருக்குடி," என்றாள். அப்போது நிறுத்தியிருக்கலாம். வாரம் ஏழுதான். அந்த அம்மா சொன்ன மூன்று மாதத்தில் ஐந்து வாரம் பாக்கி இருந்தது. இதை நான் கணக்கிட்டேன் என்பதை மறைக்கவில்லை. ஆனால் அடுத்த பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். "சீப்பு கீழே விழுந்தது." நல்ல வரி அது. அப்படியே விட்டுவிட்டேன். எட்டு முடிந்ததும் மீதி நான்கு வாரத்துக்கும் எழுதினேன். அந்த முறை எழுதுவது சுலபமாக இருந்தது, ஏனென்றால் எது நடக்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

பதின்மூன்றாவது வாரம் மருத்துவக் குழு. மூன்று மருத்துவர்கள். ஒருவர் அக்காவின் விரல்களை மடக்கப் பார்த்தார். மேஜை விளிம்பை மடக்குகிற மாதிரி இருந்தது. "பயிற்சி செஞ்சீங்களா?" என்று கேட்டார்.

"எந்தங்கச்சி ஒரு நாள் விடாம பார்த்துக்கிட்டா டாக்டர். என் நேரம், கைதான் வரல."

நிரந்தர ஊனம் என்று எழுதினார்கள். விரல்கள் இனி வளையாது. வெளியே வந்ததும் நீங்கள் என்னிடம் மெதுவாகச் சொன்னீர்கள்: "உங்க நோட்டும் அவங்க சொன்னதும் வரிக்கு வரி ஒத்துப்போகுதும்மா." எனக்கு அழுகை வந்தது. துக்கம் என்று நீங்கள் நினைத்து என் தோளைத் தட்டினீர்கள்.

இப்போது அக்கா என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் ஜன்னல் கம்பியில் கரண்டியால் தட்டுகிறாள், இடது கையால். இடது கையில் சீட்டி வரவில்லை. பால் என்றால் ஒரு தட்டு. ரொட்டி என்றால் இரண்டு.

நான் ஏன் செய்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டால் சொல்ல ஒரு காரணம் வைத்திருந்தேன்: இனி அவள் அந்த உருளை முன்னால் நிற்க வேண்டியதில்லை. அதைப் பல முறை எழுதிப் பார்த்தேன். கையெழுத்து நன்றாகத்தான் வந்தது. ஆனால் அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எழுத்தர் என்னை நிமிர்ந்து பார்த்ததுதான் நினைவுக்கு வருகிறது. அதனால் அதைச் சேர்க்கவில்லை. அக்காவின் விரல்களை வளையாமல் செய்தது நான். பயிற்சியை விட்டதால்தான் கை வரவில்லை என்று காப்பீட்டுக்காரர்கள் சொன்னால் அது சரி. ஆனால் நோட்டில் ஒரு வரியும் பொய்யில்லை, ஐயா. அந்தப் பதினைந்து நிமிடத்தைத் தவிர. இதை நீங்கள் அவர்களிடம் தயவுசெய்து சொல்ல வேண்டும்.

அக்காவுக்கு இன்னும் தெரியாது. நாளை நானே சொல்லப்போகிறேன். பத்து மணிக்கு முன்னால் வீட்டுக்குத் தொலைபேசி செய்ய வேண்டாம்.

நோட்டில் கடைசிப் பக்கம் மட்டும் மிச்சமிருந்தது. வீணாகப் போக வேண்டாமென்று இன்று மதியமே நாளைய தேதி போட்டு எழுதிவிட்டேன். "காலை 9.30. அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, எனக்காகத்தானே செஞ்ச, விடு, என்றாள்."

அடித்தல் திருத்தல் இல்லை. முதல் முறையே அவள் அப்படிச் சொல்லிவிடுவாள் என்று நான் நினைக்கவில்லை. சொல்லாவிட்டால் மறுபடி கேட்பேன். இப்போதெல்லாம் அக்கா சீக்கிரம் களைத்துப்போகிறாள்.